தோற்றது கடவுளா, மக்களா?

வீழ்ந்த அரசுகள் – 17

சென்ற வாரம் சிதேக்கியாவை ரிப்லாவில் விட்டுவிட்டு வந்தோம். யூதாவின் கடைசி அரசன். அவன் கண்ணெதிரே அவன் பிள்ளைகளை வெட்டினார்கள். பிறகு அந்தக் கண்களையே குருடாக்கி, வெண்கல விலங்கு பூட்டி, பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். மதில் உடைந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் நேபுகாத்நேச்சாரின் மெய்க்காவல் தலைவன் நேபுசராதான் எருசலேமுக்கு வந்து சேர்ந்தான். கோயில், அரண்மனை, பெரிய மனிதர்களின் வீடுகள் என்று எதையும் விடாமல் கொளுத்தினான். மதிலைச் சுற்றிலும் இடித்துத் தள்ளினான். கி.மு. 586. ஓர் ஆண்டு முன்னால் தள்ளி 587 என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு.

அன்றைய மேற்காசியாவில் ஒரு போர் முடிந்தால் அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் திணறியதில்லை. இரண்டு அரசர்கள் மோதினால் இரண்டு தெய்வங்கள் மோதுவதாகக் கணக்கு. வென்றவனுடைய தெய்வம் பெரிது. தோற்றவனுடைய தெய்வச் சிலையைத் தூக்கிக்கொண்டுபோய் வென்றவன் தன் ஊர்க் கோயிலில் நிறுத்துவான். எருசலேம் கோயிலில் சிலை இல்லை. ஆகவே பொன், வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற இரண்டு பெரிய வெண்கலத் தூண்களையும் உடைத்து அள்ளிப் போனார்கள். பார்த்தவர்களுக்குச் செய்தி புரிந்திருக்கும். பாபிலோனின் மர்துக் ஜெயித்தான், யூதாவின் யாவே தோற்றான்.

அக்கம்பக்கத்துச் சிறு நாடுகளும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. மோவாப், அம்மோன், ஏதோம், பெலிஸ்தரின் நகரங்கள். மோவாபியர் கும்பிட்ட கேமோஷ் இன்று அருங்காட்சியகக் கல்வெட்டில் ஒரு பெயர். அம்மோனியரின் மில்கோமுக்கு விளக்கேற்ற ஆள் இல்லை. யூதாவின் மக்கள் மட்டும் வேறொரு பதில் சொன்னார்கள். எங்கள் கடவுள் தோற்கவில்லை, எங்களைத் தோற்கடித்ததே அவர்தான் என்றார்கள். நேபுகாத்நேச்சார் பெரிய வீரனெல்லாம் இல்லை, எங்கள் கடவுள் கூப்பிட்ட குரலுக்கு வந்த வேலையாள் என்றார்கள்.

கோயிலும் நாடும் அரசனும் போன பிறகு, போனதற்கெல்லாம் காரணம் நாங்களே என்று எழுதி வைத்துவிட்டு அதே கடவுளைத் தொடர்ந்து கும்பிட்ட கூட்டம் வரலாற்றில் அரிது. இந்தப் பதில் எங்கே பிறந்தது, யார் யார் அதை எதிர்த்தார்கள், பின்னாளில் அது யார் வாய்க்குப் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

தீயில் சுட்ட முத்திரை

முதலில் மண்ணில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். யூதா ஒரு சின்ன மலைநாடு. ஒரு பக்கம் எகிப்து, மறுபக்கம் பாபிலோன். கி.மு. 609இல் அரசன் யோசியா மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் செத்தான். 605இல் கர்கேமிஷ் போரில் நேபுகாத்நேச்சார் எகிப்தியரை முறியடித்தான். யோசியாவின் மகன் யோயாக்கீம் புது எஜமானுக்குக் கப்பம் கட்டினான். 601இல் எகிப்தின் எல்லையில் பாபிலோன் படை பலமாக அடிபட்டுத் திரும்பியது. இதுதான் சமயம் என்று யோயாக்கீம் முறுக்கிக்கொண்டான். அதற்கான விலை 597இல் வந்தது.

அந்தப் படையெடுப்பைப் பாபிலோனியரே ஒரு களிமண் பலகையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தப் பலகையை டொனால்ட் வைஸ்மன் 1956இல் வெளியிட்டார். நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் ஆட்சியாண்டில், அதார் மாதம் இரண்டாம் நாள், யூதாவின் நகரத்தைப் பிடித்தான். அரசனைச் சிறைபிடித்து, தனக்கு வேண்டிய ஒருவனை அரசனாக்கி, கப்பத்தை வாரிக்கொண்டு ஊர் திரும்பினான். இவ்வளவுதான் செய்தி. நம் கணக்கில் கி.மு. 597, மார்ச் 16. பாவம், கோபம், தீர்ப்பு என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு கணக்குப்பிள்ளையின் கையெழுத்து.

பதினோரு ஆண்டு கழித்து நடந்த கடைசி அழிவுக்கு இந்த மாதிரிப் பாபிலோனியப் பதிவு நம் கையில் இல்லை. ஆனால் எருசலேமின் மண் பதிந்து வைத்திருக்கிறது. 1982இல் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் யிகால் ஷிலோ அகழ்ந்தபோது, எரிந்துபோன ஒரு வீட்டில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. பாப்பிரஸ் சுருளை நூலால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை உருட்டி வைத்து, அதில் முத்திரை குத்துவார்கள். 586இன் தீயில் சுருள்கள் எல்லாம் சாம்பலாயின. களிமண்ணோ சுட்டுக் கெட்டிப்பட்டு நிலைத்துவிட்டது. அந்த முத்திரைகளில் ஒன்றில் இருக்கும் பெயர் கெமரியா, சாப்பானின் மகன்.

விவிலியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். அழிவுக்கு 18 ஆண்டு முன்னால், கோயில் வளாகத்தில் சாப்பானின் மகனாகிய கெமரியாவின் அறையில்தான் ஒரு சுருள் உரக்க வாசிக்கப்பட்டது. சொன்னவர் தீர்க்கதரிசி எரேமியா. எழுதியும் வாசித்தும் கொடுத்தவர் அவருடைய எழுத்தர் பாருக்கு. பாபிலோன் அரசன் வந்து இந்த நாட்டைப் பாழாக்குவான், அவனை அனுப்பப்போவது நம் கடவுள்தான் என்பது அந்தச் சுருளின் சாரம்.

செய்தி அரண்மனைக்குப் போனது. ஒன்பதாம் மாதம், குளிர்காலம். யோயாக்கீம் கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒருவன் சுருளை வாசிக்க வாசிக்க, மூன்று நான்கு பத்தி முடிந்ததும் அரசன் எழுத்தருடைய கத்தியை வாங்கி அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போட்டான். முழுச் சுருளும் தீரும்வரை இப்படியே அறுத்துப் போட்டான். எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூன்று பேரில் கெமரியாவும் ஒருவர். அரசன் கேட்கவில்லை. எரேமியா மறுபடி பாருக்கை உட்கார வைத்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லி எழுதவைத்தார். இந்தத் தடவை இன்னும் கூடுதலாகவே.

எரேமியாவின் நூல் பல கைகள் பல காலம் தொகுத்தது என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேய மூலத்தைவிட எட்டில் ஒரு பங்கு சிறியது. நடந்து முடிந்த பிறகு சேர்த்ததும் அதில் கலந்திருக்கும். ஆனால் ஊர் எரிவதற்கு முன்பே, ஊருக்குள் இருந்தே, இது தண்டனை என்று சொன்ன குரல் ஒன்று இருந்தது. அந்தக் குரலை ஊரே துரோகி என்றது. அடித்து, தொழுமரத்தில் மாட்டி, கடைசியில் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கியது.

குற்றப்பத்திரிகை

சரி, குற்றம் என்ன? அந்நிய தெய்வங்களைக் கும்பிட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் முதல் பதில். தீர்க்கதரிசிகளின் பட்டியலிலும் அதுதான் முதலில் நிற்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை.

யோயாக்கீம் தனக்கு ஒரு புது மாளிகை கட்டினான். அகலமான ஜன்னல்கள், கேதுரு மரப் பலகைகள், சிவப்புப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அதைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். உன் அப்பனும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் ஏழைக்கு நியாயம் செய்தான், கடவுளை அறிவது என்றால் அதுதான் என்று அரசனுக்கே பாடம் எடுக்கிறார். நீ செத்தால் கழுதையை இழுத்துப் போடுவதுபோலத்தான் போடுவார்கள் என்று முடிக்கிறார்.

கோயில் வாசலில் நின்று அவர் பேசியது இன்னும் கடுமை. சனகெரிப்பின் அசீரியப் படை கி.மு. 701இல் யூதாவின் ஊர்களையெல்லாம் பிடித்தும் எருசலேமை மட்டும் பிடிக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து, கடவுள் குடியிருக்கும் ஊருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. எரேமியா அந்த நம்பிக்கையின் அடிமடியிலேயே கைவைத்தார். திருடுகிறீர்கள், கொலை செய்கிறீர்கள், பொய்ச்சத்தியம் பண்ணுகிறீர்கள், பிறகு கோயிலுக்குள் வந்து தப்பித்தோம் என்கிறீர்களா? சீலோவில் இருந்த பழைய வழிபாட்டிடம் என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள். இந்தப் பேச்சுக்காக அவர் மேல் மரண தண்டனைக் குற்றம் சாட்டப்பட்டு, மயிரிழையில் தப்பினார்.

மூன்றாவது நிகழ்ச்சி முற்றுகைக் காலத்தில் நடந்தது. பாபிலோன் படை சூழ்ந்து நின்றபோது சிதேக்கியாவும் ஊர்ப் பெரியவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எபிரேய அடிமைகள் அனைவருக்கும் விடுதலை. கன்றை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து, கோயிலில் சத்தியம் செய்தார்கள். அடிமைகளை அனுப்பிவிட்டார்கள். எகிப்துப் படை வருகிறது என்று கேட்டு பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி விலகிய நேரமும் வந்தது. விடுதலையான அதே ஆண்களையும் பெண்களையும் பிடித்துவந்து பழையபடி அடிமையாக்கினார்கள். எரேமியா சொன்னது இதுதான். நீங்கள் உங்கள் சகோதரனுக்குக் கொடுக்காத விடுதலையைக் கடவுள் இப்போது உங்களுக்கு அறிவிக்கிறார், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் போக உங்களுக்கு விடுதலை. போன படை திரும்பி வரும்.

வந்தது.

பக்கத்து வீட்டுத் தெய்வங்களும் கோபித்தன

தெய்வக் கோபத்தால் நாடு அழியும் என்ற எண்ணத்தை யூதர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1868இல் ஜோர்தானின் திபானில் கிடைத்து இன்று லூவரில் இருக்கும் மேசாவின் கல்வெட்டு கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுங்காலம் ஒடுக்கினான், ஏனென்றால் கேமோஷ் தன் நாட்டின் மேல் கோபமாக இருந்தான் என்று மோவாப் அரசன் மேசா அதில் சொல்கிறான்.

பாபிலோனுக்கே அப்படி ஒரு கதை உண்டு. கி.மு. 689இல் அசீரிய அரசன் சனகெரிப் பாபிலோனைத் தரைமட்டமாக்கினான். அவன் மகன் எசரத்தோன் பட்டத்துக்கு வந்ததும் அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினான். அழித்தது அப்பா என்று கல்வெட்டில் எழுத முடியுமா? பாபிலோன் மக்கள் பாவம் செய்தார்கள், மர்துக் கோபித்தான், நகரம் 70 ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டும் என்று விதிப்பலகையில் எழுதினான் என்று பொறித்தான். எழுபது ஆண்டு ஆகவில்லையே? அதற்கும் பதில் இருந்தது. மர்துக் மனமிரங்கிப் பலகையைத் தலைகீழாகத் திருப்பினான், எழுபது பதினொன்றானது. ஆணி எழுத்தில் நின்ற ஆணி முன்னால் வந்தால் 60, சாய்ந்த ஆணி 10, சேர்ந்து 70. இடம் மாற்றினால் முன்னே 10, பின்னே நின்ற ஆணிக்கு மதிப்பு வெறும் 1. ஆக 11. எரேமியாவும் பாபிலோனின் ஆதிக்கத்துக்கு 70 ஆண்டுகள் என்றுதான் கெடு சொன்னார். அவர் சொன்ன கணக்கை யாரும் திருப்பவில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? மேசா வெற்றி பெற்ற பிறகு எழுதினான். எசரத்தோன் கட்டடம் எழும்பும்போது எழுதினான். இரண்டு பேருமே அரசர்கள். கோபம் தீர்ந்தது, அதற்குச் சாட்சி என் ஆட்சி என்பதுதான் அவர்கள் செய்தி. யூதாவில் அதை எழுதியவர்களுக்கு ஆட்சி இல்லை, கல் நாட்ட ஓர் ஊர் இல்லை. அவர்களுடைய குற்றப்பத்திரிகையில் முதல் எதிரியே அரசன்தான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள் நம் ஊரில். அங்கே தெய்வம் நின்று கொன்றதில் முதலில் அகப்பட்டது அரசனே.

வேறு பதில்களும் இருந்தன

இன்றைக்கு விவிலியத்தைத் திறந்தால், எல்லோரும் ஒரே மனதாகத் தலைகுனிந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோலத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. எதிர்வாதங்களை அந்த நூல்களே பத்திரமாக வைத்திருக்கின்றன.

அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டு, கோயில் பாத்திரங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றார். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தடியை எல்லோர் முன்னாலும் பிடுங்கி உடைத்தார். கூட்டத்துக்கு எந்தப் பேச்சு பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாபிலோனுக்குப் போகாமல் ஊரில் தங்கியவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். போனவர்களைத்தான் கடவுள் கைவிட்டார், நிலம் இனி எங்களுக்கு என்றார்கள்.

பாபிலோனுக்குப் போனவர்களோ தப்பை முந்தின தலைமுறையின் மேல் போட்டார்கள். அப்பன்மார் புளித்த திராட்சை தின்றால் பிள்ளைகளுக்கா பல் கூசும் என்று ஒரு பழமொழியே புழங்கியது. 597இல் நாடு கடத்தப்பட்டு, நிப்பூர் நகரத்துப் பக்கம் கேபார் கால்வாய் ஓரம் குடியேறிய எசேக்கியேல் இந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரம் முழுக்க வாதாடுகிறார். அவனவன் செய்ததற்கு அவனவன் பொறுப்பு, அப்பன் கணக்கு பிள்ளை தலையில் ஏறாது, திருந்தியவன் பிழைப்பான் என்கிறார்.

எல்லாவற்றிலும் கூர்மையான பதிலைச் சொன்னவர்கள் பெண்கள். ஊர் அழிந்த பிறகு ஒரு கூட்டம் எகிப்துக்கு ஓடியது. எரேமியாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கேயும் அவர் அந்நிய தெய்வ வழிபாட்டைக் கண்டித்தார். அந்தப் பெண்களும் அவர்களுடைய கணவன்மாரும் முகத்துக்கு நேரே மறுத்தார்கள். வானராக்கினிக்குத் தூபம் காட்டி, அவள் உருவில் பணியாரம் சுட்டுப் படைத்தவரைக்கும் வயிறார உண்டோம், சுகமாக இருந்தோம், அதை நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டினியும் பட்டயமும் வந்தன என்றார்கள். யோசியா நாட்டிலிருந்த மற்ற வழிபாட்டிடங்களை இடித்துத் தள்ளிய சில ஆண்டுகளில்தான் அவனே போரில் செத்தான், நாடும் சரிந்தது. அதே சம்பவங்கள், அதே வரிசை, நேர் எதிரான முடிவு. தெய்வக் கோபத்துக்குச் சம்பவங்களை மட்டும் சாட்சி வைத்தால் எந்தத் தெய்வத்தின் கோபம் என்று நிரூபிக்க முடியாது என்பதை அந்தப் பெண்கள் அன்றே காட்டிவிட்டார்கள்.

எந்தப் பதிலோடு வாழ முடியும்?

பிறகு எப்படி எரேமியாவின் பதில் நிலைத்தது? உண்மையா பொய்யா என்ற கேள்வியைவிட, எதை வைத்துக்கொண்டு நாளைக் கழிக்க முடியும் என்ற கேள்வி இதில் பெரிது. கடவுள் தோற்றுவிட்டார் என்றால் செய்ய ஒன்றுமில்லை, வென்ற தெய்வத்தின் வாசலுக்குப் போகவேண்டியதுதான். இரண்டே ஆண்டில் திரும்பலாம் என்றால் மூன்றாம் ஆண்டில் அந்த நம்பிக்கை செத்துவிடும். தீர்ப்பு என்று சொன்னால், தீர்ப்புக்கு ஒரு நீதிபதி இருக்கிறார், தண்டனைக்கு ஒரு கெடு இருக்கிறது, அதுவரை ஒழுங்காக வாழ ஒரு காரணமும் இருக்கிறது.

எரேமியா பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கும் ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சுருக்கம். எதிரியின் ஊருக்காக வேண்டிக்கொள் என்று அந்தக் காலத்தில் சொல்வது சாதாரணம் இல்லை.

அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பதற்கு இன்று களிமண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பாபிலோனியாவில் யூதர்கள் குடியேறிய ஓர் ஊருக்கு ‘அல் யாகூது’, யூதாவூர், என்றே பெயர். அந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரங்களை லோரி பியர்ஸ், கார்னீலியா வுன்ஷ் இருவரும் 2014இல் வெளியிட்டார்கள். மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது, நகரம் எரிந்து 14 ஆண்டுதான் ஆகியிருந்தது. வாற்கோதுமை பாக்கி, பேரீச்சம்பழக் குத்தகை, வரி ரசீது, சொத்துப் பங்கீடு. அரசாங்க நிலத்தைப் பயிரிட்டு, பதிலுக்கு வரியும் படைச்சேவையும் கொடுத்தவர்கள். பிள்ளைகளுக்கு யாவேயின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்தவர்கள் பலர்.

இதற்கு எரேமியாவை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. கி.மு. 722இல் வடநாடான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தபோது 27,290 பேரை அள்ளிப் போனதாக அசீரிய அரசன் சர்கோன் பீற்றிக்கொண்டான். அசீரியர்கள் பிடித்தவர்களைப் பல திக்கில் சிதறடித்து, வேறு நாட்டாரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் குடியேற்றுவார்கள். வடநாட்டு இஸ்ரவேலர் அப்படிக் கரைந்துபோனார்கள். பாபிலோனியரோ ஒரு நாட்டாரை ஒரே பக்கமாகக் குடியமர்த்தினார்கள். தீர்ப்பு என்ற எண்ணம் வேர்விட, கூடி உட்கார்ந்து பேச ஓர் ஊர் கிடைத்தது பாபிலோனின் நிர்வாக முறையால்தான்.

597இல் பிடித்துச் செல்லப்பட்ட இளம் அரசன், யோயாக்கீமின் மகன் யோயாக்கீன்கூட அங்கே உயிரோடு இருந்தான். அகழ்வாய்வாளர் கோல்டவாய் பாபிலோன் அரண்மனையைத் தோண்டியபோது கிடைத்த படியளப்புப் பலகைகளில், யூதா நாட்டு அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் இத்தனை எண்ணெய் என்று அளந்து கொடுத்த குறிப்பு இருக்கிறது. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் அதை வெளியிட்டார். விவிலியத்தின் அரசர் வரலாறு முடிவதும் இவனிடம்தான். சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில் பாபிலோன் அரசன் ஏவில்மெரொதாக் இவனைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன் பந்தியில் உட்கார வைத்தான் என்ற செய்தியோடு நூல் நின்றுவிடுகிறது.

கணக்கு இடித்தது

எழுதியவர்களுக்கே இந்தக் கணக்கு சரியாக வரவில்லை. மனாசே போல மோசமான அரசன் இல்லை என்கிறது அரசர் வரலாறு. அவன் 55 ஆண்டு சுகமாக ஆண்டான். யோசியா போல நல்லவன் இல்லை என்கிறது. அவன் 39 வயதில் போரில் மாண்டான். மனாசேயின் பாவம் அவ்வளவு பெரிது, யோசியாவின் நல்லதெல்லாம் சேர்ந்தும் அதைத் துடைக்க முடியவில்லை என்று அந்த நூல் சமாளிக்கிறது. அவனவன் பாவம் அவனவனுக்கு என்ற எசேக்கியேல் இதை ஒப்புவாரா? பின்னால் எழுதப்பட்ட நாளாகம நூல் கதையையே திருத்துகிறது. மனாசே கடைசியில் மனந்திரும்பினான், அதனால் நீண்ட ஆயுள். யோசியா பார்வோன் வாயிலாக வந்த கடவுளின் எச்சரிக்கையைக் கேட்கவில்லை, அதனால் சாவு.

ஏசாயா நூலின் பிற்பகுதியை எழுதியவர் இன்னும் துணிந்தார். எருசலேம் செய்த பாவத்துக்கு இரட்டிப்பாக வாங்கிவிட்டது என்கிறார். நீதிபதி அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டார் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார். புலம்பல் நூலின் ஐந்து பாடல்களில் நான்கு எபிரேய நெடுங்கணக்கு வரிசையில் கட்டப்பட்டவை. பாவம் செய்தோம் என்று ஒப்புக்கொண்டபடியே, தெருமுனையில் மயங்கி விழும் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று அது விடாமல் கேட்கிறது. கடைசி வரியில் கடவுளின் கோபம் தீரவில்லையோ என்ற சந்தேகம் அப்படியே நிற்கிறது. யூதர்கள் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் தரையில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது, அந்தச் சந்தேகத்தோடு எழுந்திருக்க மனமில்லாமல் அதற்கு முந்தின வரியை இன்னொரு முறை சேர்ந்து சொல்கிறார்கள்.

வாய் மாறியது

கி.பி. 70இல் ரோமானியத் தளபதி டைட்டஸ் இரண்டாம் கோயிலை எரித்தான். ரபிகள் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். முதல் கோயில் விக்கிரக வணக்கம், முறைகேடான உறவு, கொலை இவற்றால் போனது. இரண்டாம் கோயில் காலத்தில் வேதம் படித்தார்கள், தருமம் செய்தார்கள், பிறகு ஏன் போனது? காரணமில்லாமல் ஒருவரை ஒருவர் வெறுத்ததால் என்று பாபிலோனிய தல்மூது பதில் சொல்கிறது. விருந்துக்குத் தவறுதலாக அழைக்கப்பட்ட ஒருவனைச் சபையில் அவமானப்படுத்தியதும், கூட இருந்த பெரியவர்கள் வாய் திறக்காததும் நகரத்தை அழித்தன என்று ஒரு கதையையும் அது சேர்க்கிறது. ரோமின் படைபலத்தைப் பற்றி அந்தக் கதைக்குக் கவலை இல்லை. தன் பந்தியில் நடந்த தப்பைத்தான் அது தேடுகிறது.

அதே காலகட்டத்தில் இந்த வாதம் கைமாறத் தொடங்கியது. கி.பி. 135இல் யூதத் தலைவன் பார் கோக்பாவின் கிளர்ச்சியை நசுக்கிய ரோமப் பேரரசர் ஹாட்ரியன் யூதர்கள் எருசலேமுக்குள் நுழையவே தடை போட்டார். அந்த நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், இந்தக் கஷ்டமெல்லாம் உங்களுக்குத் தகும் என்று ஒரு யூதரிடமே வாதாடும் நூல் எழுதினார். அகஸ்டீன் யூதர்களைக் கொல்லக் கூடாது என்றார், சிதறிக் கிடப்பதே அவர்கள் விதி, அது நம் மதத்துக்குச் சாட்சி என்றும் சொன்னார். எரேமியா தன் சனத்திடம் அழுதுகொண்டு சொன்னதை இவர்கள் அடுத்தவனை நோக்கி விரலை நீட்டிச் சொன்னார்கள். 1096இல் ரைன் நதிக்கரை ஊர்களில் நடந்த கொலைகளுக்கும், 1290இல் இங்கிலாந்திலிருந்தும் 1492இல் ஸ்பெயினிலிருந்தும் விரட்டப்பட்டதற்கும் இந்த நீட்டிய விரல் துணைநின்றது. யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை தன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதிவைக்க 1965 வரை ஆனது.

கெட்டவர்கள் வாயில் மட்டும்தான் அது விஷமானது என்றும் சொல்ல முடியாது. 1961இல் அமெரிக்க ரபி ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் பெர்லினில் பாதிரியார் ஹெய்ன்ரிக் க்ரூபரைச் சந்தித்தார். க்ரூபர் சாதாரண மனிதர் இல்லை. நாஜிகளின் காலத்தில் யூதர்களுக்கு உதவியதற்காக வதைமுகாமில் கிடந்தவர். நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கில் எருசலேம்வரை போய்ச் சாட்சி சொன்னவர். அவர் விவிலியத்தை நம்பினார், ஆகவே நேர்மையாகச் சொன்னார்: அன்றைக்கு நேபுகாத்நேச்சார், இந்த நூற்றாண்டில் ஹிட்லர், இரண்டு பேருமே கடவுளின் கையில் கருவிகள். ரூபன்ஸ்டைன் அதிர்ந்தார். வரலாற்றை இப்படி நடத்தும் கடவுள் உண்டென்றால் அவரை நம்ப என்னால் ஆகாது என்று முடிவெடுத்தார். 1966இல் அவர் வெளியிட்ட ‘ஆஷ்விட்சுக்குப் பிறகு’ என்ற நூல் அந்த முடிவைச் சுற்றி எழுந்தது.

க்ரூபரின் வாதத்தில் தர்க்கப் பிழை இல்லை. எரேமியா சொன்னதையேதான் சொன்னார். ஆனால் எரேமியா முற்றுகைக்குள் இருந்தார், அதே பஞ்சத்தில் நாளுக்கு ஓர் அப்பம் வாங்கித் தின்றார், தப்பு செய்தவர்களின் பட்டியலில் தன் சனத்தோடு தன்னையும் சேர்த்துக்கொண்டார். நம் மேல் விழுந்த அடிக்கு நாமும் காரணமா என்று பாதிக்கப்பட்டவன் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டு, அதிலிருந்து ஒரு சட்டத்தையும் ஒரு வாழ்க்கையையும் கட்டிக்கொள்ளலாம், யூதர்கள் கட்டினார்கள். அடிபடாதவன் வந்து உனக்கு விழுந்த அடி நியாயம்தான் என்றால், அவன் அடித்தவனுக்கு வக்கீலாகிறான். எத்தனை நல்லவனாக இருந்தாலும் அவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. கூலி கொடுக்காத அரசனுக்கும், விட்ட அடிமையை மறுபடி பிடித்த எஜமானுக்கும் எதிராக எழுதிய தீர்ப்பு அது. வீடிழந்து அலைந்தவர்களின் மேல் எறிவதற்காக எழுதப்பட்டது இல்லை.

அடுத்த வாரம் கெடு முடிகிறது. கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனுக்குள் நுழைகிறான். என்னை அழைத்தவன் மர்துக் என்று அவன் ஒரு களிமண் உருளையில் எழுதவைத்தான், இல்லை, எங்கள் கடவுள்தான் உன்னை அழைத்தார் என்றார்கள் யூதர்கள். திரும்பி வந்தவர்கள் 42,360 பேர் என்கிறது எஸ்றாவின் கணக்கு. வழி திறந்தும் பாபிலோனிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். ஏன் தங்கினார்கள்?

(தொடரும்)